ஐவியின் தரை, மிட்ஜ்லியின் சீலிங்

ஐவி ஹெலிவெல்லுக்கும் கிளிஃபர்ட் மிட்ஜ்லிக்கும் நடுவில் இருந்தது ஒன்பது அங்குலம்தான். மேலே ஐவியின் தரைப்பலகை, கீழே மிட்ஜ்லியின் சீலிங், நடுவில் பதினோரு உத்திரக்கட்டைகள். யார்க்‌ஷயரில் எங்கள் பள்ளத்தாக்கின் மலைச்சரிவு அப்படி. வீட்டின் தலையில் வீட்டை ஏற்றித்தான் கட்டினார்கள். மேல்வீட்டுக்கு வாசல் மேட்டில் இருக்கும் பெத்தேல் தெருவில், கீழ்வீட்டுக்கு வாசல் பள்ளத்தில் இருக்கும் ஆற்றுத் தெருவில். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டுமானால் வரிசையின் கடைசிவரை நடந்து, அறுபத்தொரு படி இறங்கி, அதே தூரம் திரும்பி நடக்க வேண்டும். ஐவி அந்தப் படிகளில் ரொட்டிக்கடைக்காக இறங்குவாள். மிட்ஜ்லியின் வாசல் வரும் இடத்தில் மட்டும் ஆற்றைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இருபத்துமூன்று வருடம் அப்படித்தான் ஓடியது.

சண்டையைத் தொடங்கி வைத்தது ஐவிதான். அதை அவளே ஒப்புக்கொள்வாள், மிட்ஜ்லியிடம் தவிர. 1989-ல் ஒரு நாள் குளியல் தொட்டிக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு, வாசலில் நிலக்கரிக்காரனிடம் யாரையோ கரித்துக்கொட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். அன்றைக்குத்தான் மிட்ஜ்லியின் அம்மாவுக்கு அடக்கம். கல்லறையிலிருந்து உறவுக்காரர்கள் ஈரக் கோட்டோடு திரும்பி வந்தபோது, சாவுச் சாப்பாட்டுக்கு விரித்து வைத்த மேசைமேல் பாதி சீலிங் விழுந்து கிடந்தது. அவித்து அலங்கரித்து வைத்திருந்த பன்றித்தொடைக் கறி, அந்த ஹாம், பழைய சுண்ணாம்புக்குள் புதைந்து போயிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவரை ஹாம் வைத்து அனுப்பவில்லை என்றால் ஒழுங்காக அனுப்பவில்லை என்றுதான் பேச்சு. ஐவி மறுநாளே ஒரு முழு ஹாமை அவித்து, புருஷன் வில்ஃபிடம் கொடுத்து அனுப்பினாள். மூடிய துணியைக்கூட அவிழ்க்காமல் அது திரும்ப வந்து அவள் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. அதோடு முடிந்தது. தண்ணீர் விட்டது தன் தப்பு என்பது ஐவிக்கு ஒரு மாதத்தில் மறந்துவிட்டது. ஹாம் திரும்பி வந்தது மட்டும் சாகும்வரை மறக்கவில்லை.

மிட்ஜ்லி விழுந்த பாதிக்குப் புதிய சீலிங் போட்டார். போட்டதோடு விடவில்லை. படகுக்கு அடிப்பதுபோல் பளபளப்பான எண்ணெய்ப் பெயின்டை மூன்று கை பூசினார். "அந்தம்மா வீட்டுத் தண்ணி இனிமே ஒரு சொட்டு எறங்கட்டும் பாப்போம்" என்று மதுக்கடையில் எல்லார் முன்னாலும் சொன்னார். சொன்ன வேகத்தில் அது அறுபத்தொரு படி ஏறி ஐவியின் காதுக்கு வந்துசேர்ந்தது.

ஐவி பதினைந்து வயதில் கார்டுராய்த் துணி ஆலைக்குப் போனவள். முப்பத்தெட்டு வருடம் கால்சட்டை தைத்தாள். அவள் தைத்த தொடைத்தையல் பிரிந்து யாரும் திரும்பி வந்ததில்லை என்பதை ஒருநாளைக்கு ஒரு முறையாவது சொல்லிவிடுவாள். மெஷின் சத்தத்தில் அத்தனை வருடம் கிடந்ததால் வீட்டில் ரேடியோ கூடாது. தொலைக்காட்சி சமையலறையில், அதுவும் மெதுவாக. வில்ஃப் நூற்பாலையில் மெஷின் பழுது பார்த்தவர். பேச்சென்றால் உயிர், ரக்பி என்றால் அதற்கும் மேல். பஞ்சுத்தூசி அவர் நுரையீரலில் படிந்து, 2003-ல் மாடி ஏற முடியாமல் போனது. அன்றிலிருந்து அவருடைய கட்டில் முன்னறையில், மிட்ஜ்லியின் நாற்காலிக்கு நேர் மேலே.

அந்த முன்னறையின் சுவர்தான் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கும் சுவர். மேல்காற்று மழையைச் சுமந்துகொண்டு வந்து அதில்தான் அறையும். உத்திரக்கட்டைகளின் முனை கல்சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு விரல் இடைவெளி. ஊதக்காற்று அந்த வழியாகப் புகுந்து, தரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் ஓடி, பலகை இடுக்குகளில் மேலே வரும். ஜனவரியில் கார்ப்பெட் எழும்பி எழும்பி அடங்கும். ஐவி ஆலையிலிருந்து கொண்டுவந்த கார்டுராய்த் துண்டுகளைச் சுருட்டி, வெண்ணெய்க் கத்தியால் இடுக்கில் திணிப்பாள். கொஞ்சம் தாங்கும். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய்த் திணிக்க மட்டும் அவள் இடுப்பு வளையவில்லை, அதனால் அங்கே இடுக்கு அப்படியே கிடந்தது.

2010 வசந்தத்தில் நர்ஸ் ஷபானா வந்து, அந்தக் குளிர்காலத்தில் மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வில்ஃபின் மார்பில் குழாய் வைத்துக் கேட்டாள். நல்ல பெண்தான், ஆனால் மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவள்.

"அடுத்த குளிருக்கு இந்த ரூம் பதினெட்டு டிகிரியில நிக்கணும், ஐவிம்மா. நிக்கலேன்னா நான் எழுதித்தான் ஆகணும். ஹாலிஃபாக்ஸ்ல ஒரு முதியோர் இல்லத்துல இடம் பாத்துக் குடுப்பாங்க."

வில்ஃபின் அண்ணனை அப்படித்தான் ஒரு செப்டம்பரில் இல்லத்துக்கு அழைத்துப் போனார்கள். நவம்பரில் ஹாம் வெட்டினார்கள். வில்ஃப் போர்வையின் விளிம்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். ஐவி நர்ஸை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, இந்த மனுஷன் இந்த வீட்டை விட்டுப் போனால் பெட்டியில்தான் போவார் என்று கதவைப் பார்த்துச் சொன்னாள்.

அக்டோபரில் வேலையை ஆரம்பித்தாள். யாரையும் கூப்பிடவில்லை, கேட்கவில்லை. கட்டிலை அறையின் மறுகோடிக்குத் தள்ளினாள். கடப்பாரையால் சுவரோரப் பலகைகளை நெம்பி எடுத்தாள். டப்பாவிலிருந்து பீய்ச்சினால் பொங்கிப் பொங்கி இறுகும் நுரை கடையில் கிடைக்கிறதே, அதில் ஒன்பது டப்பா வாங்கிவந்து, பதினோரு கட்டைகளின் முனைகளையும் ஊசி நுழையாதபடி அடைத்தாள். பலகையை மூடி, இடுக்கு அத்தனைக்கும் சிலிக்கான் பசையை இழுத்தாள். இந்த முறை கட்டில் இருந்த இடத்தையும் விடவில்லை, அங்கேதான் இரண்டு மடங்கு பூசினாள். அதற்கு மேல் ரப்பர் அடிப்பாகம் வைத்த கார்ப்பெட். அறுபத்தொன்பது வயதில், மூன்று நாள் முட்டி போட்டுச் செய்தாள். எழுந்தபோது முட்டி இரண்டும் பூசணியாக வீங்கியிருந்தன.

அந்த டிசம்பர் எங்கள் ஆயுசில் பார்த்த மோசமான டிசம்பர்களில் ஒன்று. ஆற்றின் ஓரம் உறைந்தது. ஐவியின் முன்னறை பத்தொன்பது டிகிரியில் நின்றது. நர்ஸ் வெப்பமானியைப் பார்த்துவிட்டுக் கோட்டைக் கழற்றினாள். ரொட்டிக்கடையில் ஐவி அந்தப் பத்தொன்பதையும் ஒன்பது டப்பா நுரையையும் சொல்லாத ஆள் கிடையாது.

கீழே மிட்ஜ்லிக்கு என்ன வந்ததோ, அந்த நவம்பரிலிருந்து துடைப்பக் கட்டையால் சீலிங்கை இடிக்க ஆரம்பித்தார். முன்பும் எப்போதாவது மூன்று தட்டு கேட்கும். ஐவி கடைக்குப் போக கோட்டை மாட்டும் நேரத்தில்தான் அது வரும். இப்போது காலையிலும் மாலையிலும் இடி. ஐவி செருப்புக் காலால் ஓங்கித் திருப்பி மிதிப்பாள். அவர் ரேடியோவை அலற விட்டார். அவள் கவுன்சிலுக்குப் புகார் எழுதினாள். ஒரு நாள் கதவின் கடிதத் துளை வழியாக ஒரு சீட்டு வந்து விழுந்தது. 'தரையில் என்னம்மா செய்து தொலைத்தாய்?' என்று மட்டும் எழுதியிருந்தது. கையெழுத்து இல்லை. கையெழுத்து தேவையா என்ன? ஐவி அதை அடுப்பில் போட்டாள்.

வில்ஃப் அந்தக் குளிர்காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஆனால் ஆள் அடங்கிப் போனார். முன்பெல்லாம் பேப்பர் வருவதற்கு முன்பே ரக்பியில் யார் ஜெயித்தது, யார் காலை ஒடித்துக்கொண்டது என்று அவளுக்குச் சொல்லுவார். எப்படித் தெரிந்தது என்று அவள் யோசித்ததே இல்லை, யார் அந்தக் கண்றாவியைக் கேட்டது. இப்போது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கேட்டால் "ம்". சாப்பாடு பாதிக்குப் பாதி திரும்பியது. நோய் முற்றுகிறது என்று ஐவி நினைத்தாள். நினைத்துவிட்டு, அவர் மூச்சுக்கு இதமாக இருக்கட்டும் என்று கெட்டிலை அறைக்குள்ளேயே கொதிக்க வைத்தாள்.

இரண்டு வருடம் போனது. 2012-ல் கோடையே இல்லை, மழைதான். செப்டம்பரில் முன்னறையில் காளான் வாசனை அடித்தது. கட்டில் தலைமாட்டுச் சுவரில் கறுப்புக் கறுப்பாகப் பூசணம் படர்ந்தது. ஐவி பிளீச்சிங் போட்டுத் தேய்த்தாள், ஒரு வாரத்தில் அது திரும்ப வந்தது. கீழே அந்தாள் துணி காயப்போடுற ஈரம் என்று அவள் தெருவெல்லாம் சொன்னாள். மேலே அந்தம்மா மறுபடியும் தொட்டியைத் திறந்து விட்டுவிட்டாள் என்று அவர் மதுக்கடையெல்லாம் சொன்னார். ஓதம் இரண்டு பேர் பேச்சையும் கேட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்த்தது.

அக்டோபர் கடைசியில் ஒரு காலை, வில்ஃபுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது கட்டில் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு கால் கார்ப்பெட்டோடு கட்டைவிரல் ஆழம் கீழே இறங்கியிருந்தது. கஞ்சி முழுக்க அவர் மார்பில்.

நர்ஸ் ஷபானா சாய்ந்த கட்டிலையும் கறுத்த சுவரையும் பார்த்தாள். மூக்கைச் சுருக்கினாள். அவர் நுரையீரலுக்குக் குளிரைவிட இந்தப் பூசணம் மோசம் என்றாள். பதினான்கு நாளில் வேலை தொடங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹாலிஃபாக்ஸ். இந்த முறை அவள் கோட்டைக் கழற்றவில்லை.

தச்சு வேலைக்கு வந்தவள் ஜானின் அட்லி. நாற்பது வயது, ஆண்பிள்ளைத் தோள், வாயைத் திறந்தால் முள். சுவரோரப் பலகையைத் தூக்கி, இறுகிக்கிடந்த மஞ்சள் நுரையைப் பிய்த்தெறிந்து, ஒரு கட்டையின் முனையில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தினாள். அது பிடிவரை உள்ளே போனது. அடுத்த கட்டையிலும் போனது. கை வைத்தால் கேக் மாதிரி உதிர்ந்தது.

"காத்தை நிறுத்தினேன். அது ஒரு தப்பா?" என்றாள் ஐவி.

"காத்தை நிறுத்தலாம்மா. நீங்க மரத்தோட மூச்சை நிறுத்திட்டீங்க. வெளியில மழையில ஊறுற சுவரு, அதுக்குள்ள கட்டை முனை. இத்தனை வருஷமா அந்தக் காத்துதான் அதை உலத்திக்கிட்டு இருந்துச்சு. நீங்க மேல பொத்திட்டீங்க. கீழயும் ஏதோ பொத்தியிருக்கு, ஈரம் அந்தப் பக்கமும் எறங்கல. கீழ என்ன பெயின்ட்?"

படகுப் பெயின்ட், மூன்று கை. ஐவிக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் எனக்கென்ன தெரியும் என்றாள்.

ஆறு கட்டைகளுக்கு முனையை அறுத்துப் புது மரம் சேர்க்க வேண்டும், அதைக் கீழேயிருந்துதான் செய்ய முடியும், சீலிங் முழுக்கப் பிரிய வேண்டும் என்று ஜானின் சொன்னாள். கீழ்வீட்டுக்காரர் சம்மதிக்காமல் ஓர் ஆணியைக்கூடத் தொட மாட்டாளாம். வக்கீல் கடிதம் போடலாமா என்று ஐவி கேட்டாள். போடுங்க, பதில் வர்றதுக்குள்ள உங்க வீட்டுக்காரர் கட்டிலோட அவர் மடியில போய் உக்காந்திருப்பார் என்றாள் ஜானின்.

ஐவி மூன்று நாள் தள்ளிப்போட்டாள். சொல்ல வேண்டியதை மனதுக்குள் தைத்துத் தைத்துப் பிரித்தாள். பெயின்டைப் பற்றி முதலில் போடுவதா, துடைப்பக் கட்டையைப் பற்றியா? நான்காம் நாள் நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து அறுபத்தொரு படியையும் இறங்கினாள். வழியெல்லாம் அந்தத் திரும்பி வந்த ஹாம் அவள் கண்ணுக்கு முன்னால் நின்றது.

மிட்ஜ்லி கதவைத் திறந்தார். பஸ் ஓட்டிய ஆள், அகலமான முகம். அந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று, கிழடு தட்டியிருந்தது. அவளைக் கண்டதும் அது வெளிறிப் போனது.

"செத்துட்டாரா?" என்றார்.

"யாரும் சாகல. உன் சீலிங்கைப் பிரிக்கணும்."

மிட்ஜ்லி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு விட்டார். பிறகு அவருடைய வழக்கமான முகம் வந்து உட்கார்ந்தது. "என்னைக்கு?"

தைத்து வைத்திருந்ததெல்லாம் ஐவிக்கு வாய்க்குள்ளேயே சிக்கிக்கொண்டது. "என்ன என்னைக்கு?"

"என்னைக்குப் பிரிக்கணும்னு கேக்கறேன். காதுலயும் நுரை அடிச்சுக்கிட்டியா?"

"உன் பெயின்டாலதான் கட்டை அழுகிச்சு. அதையும் தெரிஞ்சுக்க."

"உன் நுரையால. திங்கக்கிழமை வரச் சொல்லு. உனக்காக இல்லே, அதையும் தெரிஞ்சுக்க." கதவு அறைந்தது.

படியேறும்போது ஐவிக்குச் சந்தோஷமே வரவில்லை. இந்த ஆள் ஒரே பேச்சில் சரி என்கிறானென்றால் உள்ளே ஏதோ விஷமம் இருக்கிறது என்று அவளுக்கு உறைத்தது. வில்ஃபிடம் சொன்னாள். அவர் இரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தலையைத் தூக்கி, "ஒத்துக்கிட்டாரா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கஞ்சி வேண்டும் என்றார்.

திங்கட்கிழமை ஜானின் கட்டிலைப் பின்சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டு, சிலிக்கானை நாடா நாடாவாக உரித்தாள். பிறகு கீழே போய்ச் சீலிங்கை இறக்கினாள். மத்தியானத்துக்குள் ஐவியின் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தால் மிட்ஜ்லியின் வழுக்கைத் தலை தெரிந்தது. ஜானின் ஏணியில் நின்றபடி இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி ஒரு பாட்டம் விட்டாள்: மேலே ஒருத்தர் பொத்தினீர்கள், கீழே ஒருத்தர் பொத்தினீர்கள், நடுவில் மாட்டிய மரம் எங்கே போய் மூச்சு விடும், இருபது வருடத்தில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் இந்தக் கட்டை இன்னும் நூறு வருடம் நின்றிருக்கும். ஐவி மேலேயிருந்து பெயின்ட் என்றாள். மிட்ஜ்லி கீழேயிருந்து நுரை என்றார். இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன. ஜானின் ரம்பத்தை முடுக்கிவிட்டாள்.

புதன்கிழமை ஐவி ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினாள். ஜானின் சாப்பிடப் போயிருந்தாள். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். முன்னறையில் வில்ஃப் பேசிக்கொண்டிருந்தார். "ம்" இல்லை; நீளமாக, வாய் ஓயாமல், பழைய வில்ஃப். நடுவில் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, திரும்பவும் சிரிப்பாக வந்தது.

"அந்தப் பையனை எதுக்கு நடுவுல விட்டாங்கன்னே புரியல, கிளிஃப். அவனுக்குப் பந்து எந்தப் பக்கம் நீளம்னே தெரியாது."

"ரெண்டு வருஷம் நீ இல்லாம தனியாக் கேட்டேன், வில்ஃப். தனியாத் திட்டறதுல ஒரு ருசியே இல்ல" என்றது தரை.

கிளிஃப். அந்தப் பெயரை அவள் வீட்டில் அவள் புருஷன் வாயால் கேட்டது ஐவிக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ரொட்டியைக் கோட்டு மாட்டும் ஆணியில் தொங்கவிட்டுவிட்டு உள்ளே போனாள். கீழே பேச்சு டக்கென்று நின்றது.

"எத்தனை நாளா?" என்றாள்.

வில்ஃப் போர்வையைப் பார்த்தார். "நான் படுத்ததுலேர்ந்து. நீ கடைக்குப் போனதும் மூணு தட்டு தட்டுவாரு. கட்டிலுக்கு அடியில ஒரு இடுக்கு, அவரு சீலிங்குல பழைய கேஸ் விளக்கு ஓட்டை. ரேடியோவை அதுக்குக் கீழ வெப்பாரு."

ஏழு வருடம். அவள் முதுகுக்குப் பின்னால், அவள் தரை வழியாக, அந்த ஹாமைத் திருப்பி அனுப்பிய ஆளோடு. ஐவிக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. நன்றிகெட்ட மனுஷா என்றாள், துரோகி என்றாள், கஞ்சி ஊட்டிய கையைப் பற்றி ஏதோ சொன்னாள். ரேடியோவுக்கு எதிராகக் கவுன்சிலுக்கு அவள் எழுதிய புகாரில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது இதே வில்ஃப்தான் என்று அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது, அதையும் சேர்த்துக்கொண்டாள். மூச்சு வாங்கியபோதுதான் அவளுக்கு அந்த அக்டோபர் நினைவுக்கு வந்தது. கட்டில் இருந்த இடத்தில் இரண்டு மடங்கு சிலிக்கான்.

"நான் அடைக்கும்போது ஏன் வாயைத் திறக்கல?"

"எப்படிம்மா சொல்றது? என்னை அனுப்பக்கூடாதுன்னு மூணு நாள் முட்டி போட்டே. முட்டி எப்படி வீங்கியிருந்துச்சுன்னு நான் பாத்தேன்ல."

ஐவி சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வேண்டுமென்றே பாத்திரங்களைச் சத்தம் போட்டுக் கழுவினாள். அன்றைக்கும் மறுநாளும் வில்ஃபோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் பத்து மணிக்கு, ரொட்டி இருந்தும், ரொட்டி வாங்கக் கடைக்குப் போனாள்.

ஜானின் வேலையை அவசரமாக முடிக்கவில்லை. அழுகிய முனைகளை அறுத்து, புது மரத்தைச் சேர்த்துப் போல்ட் போட்டாள். சுவருக்குள் போகும் முனையைச் சுற்றி மரம் கல்லைத் தொடாதபடி இடம் விட்டாள். கட்டைகளுக்கு நடுவில் சுவரின் உட்புறம் முழுக்கச் சிமென்ட் கலக்காத சுண்ணாம்புச் சாந்து பூசினாள். காற்றை விடாத, ஆனால் ஈரம் கசிந்து வெளியேறக்கூடிய ஒரு பட்டையை ஒவ்வொரு கட்டை நுழையும் இடத்திலும் சுற்றி ஒட்டினாள். இரண்டு வாரம் எதையும் மூடாமல் உலர விட்டாள். அந்த இரண்டு வாரமும் ஐவி என்ன சமைத்தாலும் மிட்ஜ்லிக்குத் தெரியும், மிட்ஜ்லி எத்தனை மணிக்கு முட்டைக்கோஸ் தின்றார் என்று ஐவிக்குத் தெரியும். கெட்டிலைச் சமையலறைக்குத் துரத்தியாயிற்று. புதிய சீலிங்குக்குச் சுண்ணாம்பு வெள்ளை மட்டும்தான். எண்ணெய்ப் பெயின்ட் டப்பாவை மறுபடி இந்த வீட்டில் பார்த்தால் தலையில் கவிழ்ப்பேன் என்று ஜானின் மிட்ஜ்லியிடம் சொன்னது மேலே கேட்டது. அதே சீலிங்கில் பழைய விளக்கு ஓட்டையை அப்படியே விடச் சொல்லி அவர் கேட்டதும் கேட்டது.

"தரையில இனிமே பசை கிசை எதுவும் வேண்டாம்" என்று கிளம்பும்போது ஜானின் ஐவியிடம் சொன்னாள். "காத்தை அது வர்ற எடத்துலயே, சுவத்துலயே நிறுத்தியாச்சு. இடுக்கு வழியா ஊதல் வராது. பேச்சு வேணா வரும்."

உன் வேலையைப் பார் என்றாள் ஐவி.

நர்ஸ் ஷபானா டிசம்பரில் வந்து சுவரைத் தடவினாள், மூக்கை உறிஞ்சினாள், வெப்பமானியைப் பார்த்தாள். பதினெட்டரை. பழைய பத்தொன்பது இல்லை என்பதில் ஐவிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நர்ஸ் கோட்டைக் கழற்றிவிட்டு டீ கேட்டாள்.

ஐவி கார்டுராய்ச் சுருள்களை எடுத்து ஒவ்வோர் இடுக்கிலும் பழையபடி திணித்தாள். பழக்கம், வேறென்ன. கட்டில் தலைமாட்டுக்கு அடியில் இருந்த ஒன்றுக்கும் அளவெடுத்து ஒரு சுருள் தைத்தாள், தவிட்டு நிறம். அதை ஜன்னல் விளிம்பில் வில்ஃப் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்தாள். வாரத்துக்கு ஒரு முறையாவது அதைக் கையில் எடுத்து, "இன்னைக்கு அடைச்சுடறேன் பாரு" என்பாள். அவர், "அடையேன்" என்பார். பத்து மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். மிட்ஜ்லியோடு ஒரு வார்த்தை கிடையாது. ஆற்றுத் தெருவில் எதிரே வந்தால் முகம் ஆற்றுப் பக்கம் திரும்பிவிடும்.

வில்ஃப் இன்னும் ஒரு முழுக் குளிர்காலத்தையும், இன்னொன்றில் பாதியையும் அந்த அறையில் கழித்தார். 2014 பிப்ரவரியில் ஒரு விடியற்காலையில் அங்கேயே போனார். பெட்டியில்தான் போனார், ஐவி சொன்னபடி. கூட்டம் கலைந்த பிறகு ஐவி ஒரு தட்டில் ஹாம் வெட்டி வைத்து, துணி மூடி, நர்ஸ் ஷபானாவிடம் கொடுத்துக் கீழே அனுப்பினாள். மறுநாள் தட்டு ஜன்னல் விளிம்பில் இருந்தது. காலித் தட்டு. கழுவக்கூட இல்லை.

அடுத்த ஞாயிறு மாலை அவள் கட்டிலின் மெத்தையை உருட்டிக் கட்டினாள். ஜன்னல் விளிம்பில் தவிட்டு நிறச் சுருள் இருந்தது. இனி யாருக்கு எதற்கு என்று அதையும் வெண்ணெய்க் கத்தியையும் எடுத்துக்கொண்டு, கட்டிலைத் தள்ளிவிட்டு, முட்டி போட்டாள்.

கீழே துடைப்பக் கட்டை மூன்று முறை தட்டியது.

ஐவி அசையவில்லை. பிறகு மிட்ஜ்லியின் குரல், யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடாமல், கட்டையாக வந்தது. "பத்துக்குப் பதினாறு. நம்ம ஆளுங்க தோத்துட்டாங்க. கடைசி அஞ்சு நிமிஷத்துல."

முட்டைக்கோஸ் வாசனை இடுக்கு வழியாக மேலே வந்தது. ஐவி சுருளின் ஒரு முனையை இடுக்கில் வைத்தாள். கத்தியை அதன்மேல் வைத்தாள். எடுத்தாள்.

"எவன் விட்டான்?" என்றாள்.

கீழே நாற்காலி கிறீச்சிட்டது. "என்ன?"

"பந்தை எவன் விட்டான்னு கேக்கறேன். சத்தமாச் சொல்லித் தொலைய்யா. முட்டி வலிக்குது."

அவர் அந்த நடு ஆட்டக்காரப் பையனிலிருந்து ஆரம்பித்தார். ஐவி சுருளை அவிழ்த்து, நான்காக மடித்து, முட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.